சாம்பிராணி ஆகாத பாம்பு

என் மகள் கனடாவுக்குப் போனபோது துணிமணி, புத்தகம் எல்லாவற்றையும் இரண்டு பெட்டிகளில் அடைத்து எடுத்துக்கொண்டு போனாள். பாம்பை மட்டும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாள்.

இதைச் சொன்னால் டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவில் எங்களைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். காலையில் எழுந்து காபி குடிக்கும் முன் பாம்புப் பெட்டியில் சூடு எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு என்று பார்க்க வேண்டிய தலையெழுத்து அவர்களுக்கு இல்லை. நான் மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருப்பவள். நாள் முழுக்க அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லி, அவன் இல்லை என்று சாதிப்பதைக் கேட்டுக் கேட்டு மண்டை காய்ந்துபோய், சாயங்காலம் மாடிக்குப் போனால் அங்கே ஒருவன் தண்ணீர்க் கிண்ணத்தில் அசுத்தம் பண்ணி வைத்திருப்பான். அதையும் நான்தான் கழுவ வேண்டும். எனக்கு முட்டிவலி வேறு.

பாம்பு எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு முழுக்காரணம் என் கணவர். மகளுக்குப் பதின்மூன்று வயதில் நாய் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இவர் தன் ஆபீஸ் பாணியில் நிபந்தனை போட்டார். "முடி கொட்டக் கூடாது. கத்தக் கூடாது. வாக்கிங் கூட்டிட்டுப் போகச் சொல்லக் கூடாது. தினம் சோறு போடற வேலையும் வேண்டாம். அப்படி ஏதாவது இருந்தாச் சொல்லு, வாங்கித் தரேன்." தங்கமீன் என்று சொல்வாள், ஒரு கண்ணாடித் தொட்டியோடு முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து பாம்பு என்றாள். எல்லா நிபந்தனையும் அப்படியே பொருந்தியது. வாக்குக் கொடுத்த மனுஷன் என்ன செய்வார்? "ஆபீஸ்ல நாள் முழுக்க பைத்தான் கோடோட மாரடிக்கிறேன், வீட்லயும் பைத்தானா?" என்று புலம்பியபடியே போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

அது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒரு சின்ன மலைப்பாம்பு வகை. பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். விஷம் கிடையாது. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான் அதன் வீரம். மகள் அதற்கு ஏதோ ஒரு ஆங்கிலப் பெயர் வைத்தாள். என் வாயில் அது நுழையவே இல்லை. எனக்கு அவன் வெறும் "அவன்"தான்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருஷம் இருக்கும் என்று விற்றவர் சொன்னார். "நல்லதாப் போச்சு, நம்ம கிரீன் கார்டு வர்ற வரைக்கும் துணைக்கு இருக்கும்" என்றார் இவர். அன்றைக்குச் சிரித்தோம்.

மகள் நாலு வயதில் எங்களோடு இந்த நாட்டுக்கு வந்தவள். எங்கள் விசாவோடு ஒட்டிக்கொண்டு இருந்தவள். இருபத்தொன்று முடிந்தால் பிள்ளைகள் பெற்றோரின் கிரீன் கார்டு விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடுவார்கள் என்பது இங்கே சட்டம். எங்கள் வரிசை நகரவே இல்லை, அவளுக்கு வயது மட்டும் ஏறிக்கொண்டே போனது. மாணவர் விசா எடுத்தாள், படிப்பை முடித்தாள், ஒரு வருஷம் வேலை பார்த்தாள். வேலை விசாவுக்கான குலுக்கலில் அவள் பேர் விழவில்லை. இந்த ஊர்ப் பள்ளியில் படித்து, இந்த ஊர் மாதிரியே பேசுகிற பெண். போ என்றால் எங்கே போவாள்? அவள் கம்பெனிக்காரர்கள் டொராண்டோவில் இருக்கும் தங்கள் அலுவலகத்தில் ஒரு இடம் கொடுத்தார்கள். அடுத்த குலுக்கலில் மறுபடி பேர் போடுகிறோம் என்றும் சொன்னார்கள்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் விசா கவலை இல்லாத ஒரே ஜீவன் அந்தப் பாம்புதான். அவன் இந்த நாட்டிலேயே, ஓக்லஹோமாவில் பிறந்தவன்.

அவனைக் கனடாவுக்குக் கொண்டுபோக இரண்டு பக்கமும் அனுமதி வாங்க வேண்டும். அவள் வாடகைக்கு எடுத்த அறையிலோ செல்லப் பிராணியே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "ஒரே ஒரு வருஷம்தான் மா. நான் திரும்பி வந்ததும் எடுத்துட்டுப் போயிடறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பாம்பு இந்த வீட்டில் இருக்கிறவரை அவள் திரும்பி வருவாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே அது எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

போகிற வாரத்தில் எனக்குப் பாடம் நடத்தினாள். பெட்டியின் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி. "அவனுக்கு எது வேணுமோ அந்தப் பக்கம் அவனே போயிப்பான், நீ டிசைட் பண்ணாதே." சூடான பக்கத்தில் தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே நிற்க வேண்டும், மறுபக்கம் எண்பதைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு மறைவிடம், உடம்பு இடிக்கிற அளவுக்குச் சின்னதாக. எனக்கு அதைப் பார்த்தாலே பாவமாக இருக்கும். இவ்வளவு பெரிய பெட்டி இருக்க, ஏன் அந்தப் பொந்துக்குள் போய் முடங்க வேண்டும்? "மா, அவன் ஒளிஞ்சிருந்தா சந்தோஷமா இருக்கான்னு அர்த்தம்" என்றாள். கீழே விரிப்பதற்குத் தேங்காய் நார்த்தூள். ஆமாம், நம் ஊரில் குப்பையில் கொட்டுகிற அதே சமாச்சாரம்தான். இங்கே மூட்டை கட்டி விற்கிறார்கள். டெக்சாஸ் வெயிலுக்கு வீட்டில் எந்நேரமும் ஏசி ஓடும், காற்று காய்ந்துவிடும். காற்று காய்ந்தால் பாம்புக்குச் சட்டை சரியாக உரியாது. அதனால் தினமும் அந்த நார்த்தூளில் ஒரு ஓரமாகத் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட வேண்டும்.

சாப்பாடு எலி. கராஜில் ஒரு தனி ஃப்ரீசர் வைத்தாள், அதில் உறைந்த எலிகள். ஒன்றை எடுத்துப் பையில் போட்டு, சுடுதண்ணீரில் இறக்கி, உடம்புச் சூட்டுக்கு வந்ததும் நீள இடுக்கியில் பிடித்து அவன் முன்னால் ஆட்ட வேண்டும். முதல் தடவை நான் குமட்டிக்கொண்டு ஓடிவிட்டேன். பிறகு பழகிப்போனது. மனுஷிக்கு எதுதான் பழகாது? புரட்டாசி மாதம் எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது, அவனுக்கு மட்டும் விலக்கு. "சனிக்கிழமை மட்டும் போடாதே, பெருமாளுக்கு ஆகாது" என்று இவர் கேட்டுக்கொண்டார். பாம்பு விழுங்கியதும் ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்புவேன். உடனே போன் வரும். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அங்கே குளிர் எப்படி என்று நான் கேட்பதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் வரும். பாம்பைப் பற்றி என்றால் அரைமணி நேரம் பேசுவாள். எனக்கு அது போதும்.

நவராத்திரியில்தான் வினை வந்தது.

எங்கள் வீட்டில் ஐந்து படி கொலு உண்டு. வார இறுதியில் ஃபிரிஸ்கோ முழுக்கப் பட்டுப்புடவைகள் காரிலிருந்து இறங்கி வீடு வீடாக ஏறும். அன்றைக்கு வந்த குழந்தைகளில் ஒன்று மாடிக்கு ஓடிப்போய், "மம்மி! ஸ்நேக்!" என்று கத்தியது. பெண்கள் சுண்டல் கிண்ணத்தோடு மேலே போனார்கள். பாதிப்பேர் அலறிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ஈரோட்டிலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருந்த ஒரு ஆன்ட்டி மட்டும் இறங்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது பெட்டி முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

"அம்மிணி, இத்தன நாளா சொல்லவே இல்லையே? நாகம் வந்து ஒரு வூட்ல உக்காருதுன்னா சும்மாவா?"

"ஆன்ட்டி, இது நாகம் இல்ல. மலைப்பாம்பு. கடையில வாங்கினது."

"எல்லாம் ஒண்ணுதாங் கண்ணு. எங்கூருல புத்து தேடிப் போய்ப் பால் ஊத்தோணும். உனக்கு வூட்டுக்குள்ளயே வந்திருக்குது."

"அது பால் குடிக்காது ஆன்ட்டி. எலிதான் சாப்பிடும்."

"அது அது பாடு. நாம கும்புடறது நம்ம பாடு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ற புள்ள திரும்பி வந்துருவா பாரு. இது சர்ப்ப தோசந்தான், வேறொண்ணுமில்ல. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம கும்புட்டாச் சரியாப் போயிரும்" என்றார்.

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாமலும் இல்லை. வழக்கறிஞருக்கு மெயில் அனுப்பி அனுப்பி விரல் தேய்ந்தாயிற்று, குலுக்கலும் பார்த்தாயிற்று. "அவ வந்துருவா" என்று இரண்டு வருஷத்தில் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது அந்த அம்மாள் ஒருவர்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆன்ட்டி மருமகளோடு வந்தார். அதற்கடுத்த வாரம் மகனுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிற ஒரு அம்மாள். பிறகு குழந்தைக்காக ஒரு பெண், கிரீன் கார்டுக்காக இரண்டு பேர், வேலை போய்விட்ட கணவனை இழுத்துக்கொண்டு ஒருத்தி. இந்த ஊர் ஹனுமார் கோயிலில் தரிசனம் முடித்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டு மாடி! கண்ணாடியில் மஞ்சள் குங்குமம், பெட்டி மேல் செவ்வந்திப்பூ, கீழே விளக்கு, கற்பூரம். கப் சாம்பிராணி இரண்டு மூன்று ஏற்றி, அறை முழுக்கப் புகை. முதல் வாரமே ஸ்மோக் அலாரம் ஊரைக் கூட்டியது. இங்கே நம்மவர்கள் வீட்டில் ஹோமம் என்றால் செய்கிற வேலைதானே, இவர் நாற்காலி போட்டு ஏறி, ஓட்டலிலிருந்து கொண்டுவந்த ஷவர் கேப்பை அலாரத்துக்கு மாட்டிவிட்டார். அதோடு அது வாயை மூடிக்கொண்டது. வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்து, எண்ணெய்க் கறையைத் துடைத்து, நான் படுக்கும்போது இடுப்பு விட்டுப்போயிருக்கும். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் நானே பூ வாங்கப் போனேன்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். எலியை முன்னால் ஆட்டினால் தலையைத் திருப்பிக்கொண்டான். இந்த வகைப் பாம்புகள் குளிர்காலத்தில் பட்டினி கிடக்கும் என்று மகள் சொல்லியிருந்தாள், அதனால் விட்டுவிட்டோம். பிறகு ஒருநாள் தண்ணீர் மாற்றும்போது பார்த்தேன், தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து வைத்திருந்தான். மூச்சு விடும்போது அடுப்பில் குழம்பு கொதிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். வாயோரத்தில் நுரை.

எல்லா மிருக டாக்டரும் பாம்பைப் பார்ப்பதில்லை. டல்லாஸ் பக்கம் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவனைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, அதை ஒரு பெட்டியில் வைத்து, என் மடியில் வைத்துக்கொண்டேன். குளிர் படக் கூடாது என்று காரில் ஹீட்டரை முழுசாகப் போட்டு, இருவரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு போனோம். டாக்டர் ஒரு சின்னப் பெண், என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். அவன் உடம்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நுரையீரலில் தொற்று என்றார். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டார்.

"சேச்சே, எங்க வீட்ல அந்தப் பழக்கமே கிடையாது" என்று ஆங்கிலத்தில் எவ்வளவு பெருமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பெருமையாகச் சொன்னேன்.

மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, வேறு ஏதாவது வாசனைப் புகை?

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

பாம்புக்கு நுரையீரல் மிகவும் மென்மையானதாம். நாலு பக்கமும் அடைத்த பெட்டிக்குள் புகை போனால் வெளியே வராதாம், அதிலும் கற்பூரம் கூடவே கூடாதாம். வாரா வாரம் முன்னால் ஆள் நடமாட்டம், வெளிச்சம், பாட்டு. ஒளிந்துகொண்டு வாழ்கிற பிராணி அது, இதையெல்லாம் எப்படித் தாங்கும் என்று கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மூன்று நாளைக்கு ஒரு ஊசி, நீங்களே போட வேண்டும் என்று சொல்லிக் காட்டிக்கொடுத்தார். பிழைப்பானா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

காரில் உட்கார்ந்தே மகளைக் கூப்பிட்டேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"மா, பூஜையா? அவனுக்கா? வொய்?"

"உனக்காகத்தான்டி. நீ திரும்பி வரணும்னுதான்."

"ஐ டிட்ன்ட் ஆஸ்க் ஃபார் தட், மா." அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் உன்கிட்ட அவனைப் பாத்துக்கத்தானே சொன்னேன்? ப்ளீஸ் மா, எப்படியாவது காப்பாத்து. ப்ளீஸ்."

காப்பாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ, எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. வாசல் மணி அடித்தது. ஆன்ட்டி பூக்கூடையோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "போதும் ஆன்ட்டி. இனிமே இந்த வீட்ல பாம்புக்குப் பூஜையும் கிடையாது, புண்ணாக்கும் கிடையாது. உங்க சாம்பிராணியில அதுக்கு மூச்சு முட்டிப்போச்சு. சாகக் கிடக்குது. தோஷம் கழிக்கறேன்னு சொல்லிட்டு ஒரு உயிரை எடுக்கப் பாத்தோம். போங்க, எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க" என்று வாசலில் நிற்கவைத்தே பொரிந்து தள்ளிவிட்டேன்.

ஆன்ட்டி கூடையைக் கீழே வைத்தார். "நானும் ஊருக்குப் போகோணும்னு வேண்டிக்கிட்டேங் கண்ணு. பேரன் ஸ்கூலுக்குப் போயிட்டா என்ன ஊருக்கு அனுப்பி வெச்சுருவாங்கன்னு நெனச்சேன். இப்ப மருமவ ரெண்டாவது உண்டாயிருக்கறா" என்றார். பிறகு, "பாம்புக்குச் சரியாகட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்து போனார். இந்த ஊரில் யாரும் நடப்பதில்லை. வெளியே அத்தனை குளிர். நான் ஓடிப்போய்க் காரை எடுத்து அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

பிறகு தொடங்கியது ஊசிக் காலம். பத்து வருஷமாகப் பாம்பைத் தொடாத மனுஷன் என் கணவர், இப்போது வேறு வழியில்லாமல் பிடித்துக்கொண்டார். "கடிக்குமாடி? கடிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே பிடிப்பார். "அதுக்கு மூச்சு விடவே சீவன் இல்ல, உங்களை எங்க கடிக்கப் போகுது? ஆடாம பிடிங்க" என்பேன். செதிலுக்கு நடுவில் ஊசியை நுழைக்கும்போது அவன் உடம்பு என் விரலுக்கடியில் சுருங்கும். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பல் கூசும். குங்குமக் கறையைக் கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுத்தேன். மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டினேன். அந்த ஷவர் கேப்பைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். நார்த்தூள் முழுவதையும் மாற்றினேன். டாக்டர் சொன்னபடி சூட்டைக் கொஞ்சம் ஏற்றினேன். விளக்கை அணைத்துவிட்டு, அந்த அறைக் கதவைச் சாத்தி வைத்தேன். இருமல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு கீழே வந்து இருமினேன்.

மூச்சுச் சத்தம் மெல்ல மெல்ல நின்றது. நுரை போனது. ஆனால் சாப்பிடவில்லை. வாரா வாரம் எலியைச் சுடவைப்பேன், இடுக்கியில் பிடித்து ஆட்டுவேன், அவன் முகத்தைத் திருப்புவான், நான் எலியைக் குப்பையில் போடுவேன். முதுகெலும்பு மேலே தெரிய ஆரம்பித்தது. தினமும் மதியம் மகளிடமிருந்து ஒரே செய்தி வரும்: சாப்பிட்டானா? இல்லை என்று எழுதி எழுதிக் கை அலுத்துப்போயிற்று. "கட்டாயப்படுத்தாதே மா, விட்டுடு, அவனுக்கே தோணும்" என்பாள். நான் இரண்டு விஷயங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். ஒன்று இவன் வாயைத் திறப்பது. இன்னொன்று மார்ச் கடைசியில் வரும் குலுக்கல் முடிவு. ஒன்று நடந்தால் மற்றதும் நடக்கும் என்று நானாக ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். ஆன்ட்டியைத் திட்டிய வாய்தான் இது. என்னத்தைச் சொல்ல?

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாம்பார் அடுப்பில் இருக்கும்போது, வழக்கம்போல் எலியைக் கொண்டுபோய் ஆட்டினேன். என் மனசு சாம்பாரில் இருந்தது. அவன் மறைவிடத்திலிருந்து தலையை நீட்டினான். நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தான். அடுத்த நொடி இடுக்கி என் கையிலிருந்து தெறித்துப்போய் விழுந்தது. எலியைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டான். நான் "ஐயோ சாப்டுட்டான்! ஏங்க, சாப்டுட்டான்!" என்று கத்திவிட்டு, சத்தம் போடக் கூடாதே என்று நானே என் வாயைப் பொத்திக்கொண்டேன். கீழிருந்து இவர் ஓடிவந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அவன் விழுங்கி முடிக்கும்வரை இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

மகளுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். சிரித்தாள், அழுதாள். எந்தப் பக்கத்திலிருந்து பிடித்தான், எவ்வளவு நேரம் எடுத்தது, வயிறு உப்பலாக இருக்கிறதா என்று எல்லாம் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. "பாத்தியா, நல்ல சகுனம்தான்டி. இந்த மாசம் உன் குலுக்கலும் வந்துடும். வந்து உன் பாம்பை நீயே எடுத்துட்டுப் போ, எனக்கு முட்டி போச்சு" என்றேன்.

"மா, நான் ஒண்ணு சொல்லணும். இந்த வருஷம் என் பேர் போட வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன்."

"ஏன்?"

"போன தடவை அந்த மெயில் வர்ற வரைக்கும் நான் தூங்கவே இல்ல மா. இனிமே ஒவ்வொரு வருஷமும் அப்படி இருக்க முடியாது. ஐ ஆம் டயர்ட். இங்க நிரந்தரமா இருக்கறதுக்கு அப்ளை பண்ணிட்டேன். இங்க ஓரளவு சீக்கிரமா கிடைச்சுடும்."

"எப்ப முடிவு பண்ணினே?"

"தீபாவளி சமயத்துல."

தீபாவளி என்றால் ஊசிகளுக்கும் முன்னால், நுரைக்கும் முன்னால். மாடியில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை.

"அப்பவே சொல்லியிருக்கலாமேடி?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்பத்தான் இவனுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. நீ ஊசி போட்டுட்டிருந்தே. அப்புறம் சாப்பிட மாட்டேங்கறான்னு தினம் மெசேஜ் பண்ணினே. அந்த நேரத்துல போய் நான் வரலன்னு உன்கிட்ட எப்படி மா சொல்றது? இவன் சாப்பிட்டதும் சொல்லலாம்னு வெயிட் பண்ணிட்டிருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "இவனை யாராவது நல்லவங்களாப் பாத்துக் குடுத்துடு மா. உனக்கு ரொம்ப வேலை வச்சுட்டேன். சாரி."

பார்க்கிறேன் என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். வைத்துவிட்டேன்.

அவள் வர வேண்டும் என்பதற்காக நான் அவனைப் பிழைக்கவைத்தேன். அவன் பிழைக்க வேண்டும் என்பதற்காக அவள் வரமாட்டேன் என்பதைச் சொல்லாமல் இருந்தாள். அவள்மேல் கோபப்படக்கூட எனக்கு இடமில்லை. நாலு வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், இப்போது தானே ஒரு நல்ல முடிவை எடுத்திருக்கிறாள்.

கீழே இவர் அடிப்பிடித்த பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன். குழாயை மூடினார். கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அப்ப வரவே மாட்டாளா?"

"வருவா. லீவுக்கு வருவா."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவ இங்க வளரணும், இங்கயே இருக்கணும்னுதானே இந்த வரிசையில வந்து நின்னோம்? வெளிய போனா திரும்ப உள்ள விடுவானோ மாட்டானோன்னு எங்கப்பா காரியத்துக்குக்கூட நான் போகல. போன்ல பாத்தேன்." "இனிமே நாம யாருக்காக இங்க நிக்கறோம்?"

மாடியில் அவன் வயிறு நிறைந்து, பொந்துக்குள் சுருண்டு படுத்திருந்தான். இன்னும் இருபது வருஷம் இருப்பான்.

"பாம்புக்காகன்னு வச்சுக்குங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.